செத்தவர் பசி

செல்லூரிலிருந்து தத்தனேரிச் சுடுகாடு தூரமில்லை. பிணம் சாம்பலாவதைக் கண்ணால் கண்டு திரும்புகிற தறிக்காரத் தோழர்கள்தான், பதினாறாம் நாள் அந்தச் சாம்பலுக்குப் பசிக்குமென்று கடன் வாங்கிப் பிண்டம் வைக்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: செத்தவர் மறுபிறப்பு எடுத்துவிட்டாரென்றால் வைகைக் கரையில் வைக்கும் பிண்டம் யாருக்கு? மோட்சத்திலிருக்கிறாரென்றால் அங்கே சோறில்லையா? நரகத்திலென்றால், அரிசிக்கும் வேட்டிக்கும் ஆளை விடுகிற எமனைவிட லஞ்சக்காரன் உண்டா? மூன்றையும் ஒரே புரோகிதர் ஒரே வாயால் சொல்லுகிறார். கேட்பவருக்குச் சிரிப்பு வருவதில்லை. துக்கத்திலிருப்பவனுக்குச் சிரிப்பு வராதுதான். அந்தச் சமயம் பார்த்துத்தானே அவரும் வருகிறார்!

அழ வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பெற்றவளைப் பறிகொடுத்தவன் அழத்தான் செய்வான். அழுகைக்கு வட்டி எதற்கு என்பதே நம் கேள்வி.

இலங்கையில் பகுத்தறிவுப் பிரசாரம் செய்த டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1978-ல் இறந்தபோது, கண்களைக் கண் வங்கிக்கும் உடலை வைத்தியக் கல்லூரிக்கும், எலும்புக்கூட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுத்துப் போனார். செத்தபின் ஒருவர் பிறருக்கு உதவுவதென்றால் இதுவே. நம் மதுரையிலும் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இறந்து சுமார் 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் கருவிழி வேறொருவருக்குப் பயன்படும். 2023 முதல் உறுப்புத் தானம் செய்தவர் உடலுக்குத் தமிழ்நாட்டுச் சர்க்காரே மரியாதை செய்கிறது.

கண்ணைக் கொடுத்தால் மறுபிறப்பில் குருடாய்ப் பிறப்போமென்று சிலர் பயப்படுகிறார்களாம். அப்படியானால் தத்தனேரியில் முழு உடம்பும் எரிந்தவர் அடுத்த பிறப்பில் எதோடு பிறப்பார்?