இருக்கையும் ஓர் அமானிதமே



2023 செப்டம்பர் 10-ஆம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஆகஸ்ட் 12-இல் நடந்திருக்க வேண்டிய அது, மழையால் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. திருநீர்மலையில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளின் அண்ணன்மார் சிலரும் போயிருந்தனர். கையில் சீட்டிருந்தும் வாயிலைக்கூட எட்ட முடியாமல் நள்ளிரவில் திரும்பினர். முதலமைச்சரின் வாகனங்களே நெரிசலில் சிக்கிய மாலை அது. கூட்டத்தில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தனர். பெண்கள் சீண்டலுக்கு ஆளாயினர். தாம்பரம் காவல் ஆணையரகம் விசாரணை நடத்தும் நிலை வந்தது.

மறுநாள் நம்மவர்களில் சிலர், “பாட்டுக் கேட்கப் போனவர்களுக்கு அல்லாஹ் தந்த தண்டனை” என்று மகிழ்ந்து பேசினர். அந்தப் பேச்சையே இங்கு மறுக்கிறோம்.

இசைக்கருவிகள் குறித்த மார்க்கச் சட்டத்தை நாம் மறைக்கவில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் அவற்றைத் தடுத்துள்ளனர். நாமும் அதையே போதிக்கிறோம். இப்னு ஹஸ்ம் மாறுபட்டார் என்பதையும், இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நிபந்தனைகளோடு விரிவாக ஆராய்ந்தார் என்பதையும் சேர்த்தே போதிக்கிறோம். ஆனால் அன்றைய அநீதியை அறிய இந்தக் கருத்து வேறுபாடு நமக்குத் தேவையே இல்லை. தன்னிடம் இல்லாததை விற்காதே என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. இடமளிக்க முடியாத இருக்கைக்குப் பணம் வாங்குவதை எந்த மத்ஹபு ஹலாலாக்கியது? அளவையில் குறைப்போரை எச்சரிக்க ‘அல்முதஃப்பிஃபீன்’ என்று ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறதே!

இறைவனின் தண்டனை இன்னதென்று அறிவிக்க நமக்கு மறைவான ஞானம் உண்டா? சீண்டப்பட்ட பெண்ணின் கண்ணீரைத் தண்டனை என்பவர், சீண்டியவனின் பாவத்தை அவள் தலையில் ஏற்றுகிறார். அதுவே பெரிய அநியாயம். மேலும், நாகூர் ஹனிஃபாவின் கச்சேரிக்காக ஊர்விட்டு ஊர் போன முன்னோரின் பேரர்கள்தாமே நாம்?

நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். ஹரமுக்கு அருகில் தங்கவைப்பதாகப் பணம் வாங்கி, உம்ரா பயணிகளைத் தொலைவில் இறக்கிவிடுவோர் நம்மிடையே இல்லையா? மார்க்கக் கூட்டமென்று தெருவை அடைத்து மேடை போடுவோர் இல்லையா? பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. தீன் பேசும் மேடையே பாதைக்குத் தொல்லையாகலாமா?

பனையூர் நிகழ்ச்சியின் ஏற்பாட்டாளர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். உள்ளே நுழைய முடியாதவர்கள் சீட்டின் நகலை அனுப்பும்படி ரஹ்மானும் கேட்டுக்கொண்டார். அடியாரின் உரிமையைப் பறித்தவர், அதைத் திருப்பித் தராமல் அவரது தவ்பா நிறைவடையாது. இது நாம் மதரஸாவில் கற்பிக்கும் பாடம். பாட்டு மேடையிலிருந்து வந்த அந்த அழைப்பு, நம் மேடைகளிலிருந்து எத்தனை முறை வந்திருக்கிறது?

பிறர் குற்றத்தில் மகிழாமல், நம் அமானிதங்களை நிறைவேற்றும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.