படியில் தொங்குறவனும் பஸ்ஸைத் துரத்துறவளும்

ஃபுட்போர்டு அடிக்கிற பசங்களைப் பத்தி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஹீரோயிசம் சார்... பொம்பளப் புள்ளைங்க பாக்கணும்னு தொங்குறானுங்க. நாலு சாத்து சாத்துனா சரியாப் போயிரும்." டீக்கடையில் சொல்கிறார்கள், டிவி விவாதத்தில் சொல்கிறார்கள், பைக்கில் ஆபீஸ் போகிறவர் சிக்னலில் நின்றுகொண்டு சொல்கிறார். இவர்களில் எத்தனை பேர் காலை எட்டேகாலுக்கு வில்லாபுரத்தில் பஸ் ஏறிப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

மதுரைக்காரர்களுக்கு இந்த ரூட்டை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் மக்களுக்காக: வில்லாபுரம் மதுரையின் தெற்குப் பக்கம். ஹவுசிங் போர்டு வீடுகள், சந்து சந்தாகப் பிரியும் தெருக்கள், நடுவில் ஏர்போர்ட் பக்கம் போகிற ரோடு. டவுனுக்குள் போக தெற்குவாசல் பாலம் ஏறி இறங்கி பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகணும். தூரம் என்னவோ நாலஞ்சு கிலோமீட்டர்தான். வெளி வீதிகளையும் மாசி வீதிகளையும் சுற்றி இருக்கிற பழைய பள்ளிக்கூடங்களுக்கு (1904ல் பாரதி தமிழ் வாத்தியாராக இருந்த சேதுபதி பள்ளியும் அந்தப் பக்கம்தான்) இங்கிருந்து பிள்ளைகள் போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற விஷயம்.

சிக்கல் தூரத்தில் இல்லை. பஸ் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. வலையங்குளம், பெருங்குடி, அவனியாபுரம் என்று வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி வில்லாபுரத்தைத் தொடும்போதே பிதுங்கிக்கொண்டுதான் வரும். சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடைக்குப் போகிற அக்காக்கள், கூடையோடு ஒரு பாட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஒரு குடும்பம். டிரைவர் ஸ்டாப்பில் நிற்கிற யூனிபார்ம் கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். பார்த்ததும் ஐம்பதடி தள்ளிப் போய் நிறுத்துவார். இறங்க வேண்டியவர்கள் இறங்குவதற்குள் ஓடி வந்து பிடிக்கிறவன் பிடிச்சுக்கணும். (பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடக்கிற அதே அவனியாபுரம் வழியாகத்தான் பஸ் வருகிறது. அங்கே மாடு பிடிக்கிறவனுக்கு பைக்கும் காரும் பரிசு. இங்கே பஸ் பிடிக்கிறவனுக்குத் திட்டு.)

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏறுவதைக் கவனித்தால் ஒன்று புரியும். முதலில் பை. ஏழெட்டு கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு படியில் நிற்க முடியாது. பின்னாலிருந்து இழுத்துவிடும். அதனால் ஓடிக்கொண்டே கழற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தர் மடியில் தள்ளிவிடுவான். சாப்பாட்டுப் பை தனி, அது இன்னொருத்தர் மடிக்கு. அப்புறம் ஒரு கை கம்பியில், ஒரு கால் படியின் ஓரத்தில். இன்னொரு காலுக்கு இடம் தெற்குவாசல் வந்தால் கிடைக்கலாம். இதுதான் அந்தப் பிரமாதமான ஹீரோயிசம்.

ஏன், அடுத்த பஸ்ஸில் வந்தால் என்ன? வரலாம். அதுவும் இதே லட்சணத்தில்தான் வரும். அதற்குள் பள்ளிக்கூட கேட்டைச் சாத்தியிருப்பார்கள். லேட்டாக வந்தால் வெளியே வரிசை, டைரியில் எழுத்து, கிரவுண்டைச் சுற்றி ஓட்டம், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா". அப்பா வேலையை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. பத்தாவது, பிளஸ் டூ என்றால் காலையிலேயே ஸ்பெஷல் கிளாஸ் வேறு. ஷேர் ஆட்டோ இருக்கிறது, ஆனால் போக வர தினமும் கொடுக்க வீட்டில் காசு இருந்தால் அவன் ஏன் இலவசப் பாஸை நம்பி நிற்கிறான்?

இப்போது இரண்டு வீடியோக்கள். இரண்டையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

முதலாவது, 2023 நவம்பர். சென்னையில் ஒரு நடிகை நடுரோட்டில் அரசு பஸ்ஸை நிறுத்துகிறார். டிரைவரைத் திட்டுகிறார். படியில் தொங்கிய பள்ளி மாணவர்களைக் கீழே இழுத்து அடிக்கிறார். போலீஸ் அவரைக் கைது செய்ததும் இணையத்தில் பாதிப் பேர் அவருக்குக் கைதட்டினார்கள். "சிங்கப்பெண்", "இப்படி ஊருக்கு ஒருத்தர் வேணும்" என்றெல்லாம்.

இரண்டாவது, 2025 மார்ச். வாணியம்பாடி பக்கம் ஒரு கிராமத்து ஸ்டாப்பில் அரசு பஸ் நிற்காமல் போகிறது. பிளஸ் டூ பரீட்சைக்குப் போக வேண்டிய மாணவி பஸ்ஸின் பின்னாலேயே ஓடுகிறாள், கொஞ்ச தூரம் தள்ளி அது நின்ற பிறகு ஏறுகிறாள். ஊரே கொதித்தது. டிரைவர் சஸ்பெண்ட்.

அந்தப் பெண்ணுக்காகக் கொதித்தது சரிதான். ஆனால் மக்களே, ஒரு நிமிஷம். அந்த மாணவி ஓடிப்போய் ஏறுகையில் உள்ளே இடமில்லாமல் இருந்தால் எங்கே நின்றிருப்பாள்? படியில்தானே? தொங்குகிறவன் யார்? அரை நிமிஷத்துக்கு முன்னால் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியவன். ஓடுகிற வரை "ஐயோ பாவம்", ஏறிவிட்டால் "பொறுக்கி". கேமரா எந்த நொடியில் ஆன் ஆனது என்பதைப் பொறுத்து ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர். இரண்டு வீடியோவுக்கும் முடிவு ஒன்றுதான்: தனி ஆள் ஒருவருக்குத் தண்டனை. எட்டேகாலுக்கு அங்கே எத்தனை பஸ் ஓடணும் என்று இரண்டிலும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஆரம்பிப்பவர்களுக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 123. படியில் பயணம் செய்யக் கூடாது என்பது அதன் இரண்டாவது உட்பிரிவு. முதல் உட்பிரிவு, வண்டியை ஓட்டுகிறவரும் வண்டிக்குப் பொறுப்பானவரும் யாரையும் படியில் ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது. இரண்டாவதை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். முதலாவது எங்கே போச்சு? அதை அப்படியே டிரைவர், கண்டக்டர் தலையில் கட்டுவதும் அநியாயம். அவர்கள் கையில் இருப்பது ஒரு வண்டி, ஐம்பது சொச்சம் சீட்டு. இரண்டாவது வண்டியை அவர்கள் பையிலிருந்து எடுத்துவிட முடியாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கிறது. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் 1996லிருந்து. அருமையான திட்டம், அதைக் குறை சொல்ல வாயே வராது. ஆனால் பாஸ் காட்டுகிறவனுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. அந்த டிரிப்பின் வசூலில் அவன் இல்லை. டிரைவர், கண்டக்டருக்குக் கிடைக்கும் பேட்டாவோ வசூலை வைத்து. ஆக, முப்பது யூனிபார்ம் நிற்கிற ஒரு ஸ்டாப் என்பது வண்டிக்கு வெறும் எடை, வசூல் பூஜ்யம். அரசு கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது, உண்மை. அந்தப் பணம் வில்லாபுரம் ஸ்டாப்பில் நின்று கை காட்டுமா என்ன? லெட்ஜரில் இருக்கிறவன் ரோட்டில் இல்லாமல் போகிற கதை இதுதான். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

சரி, உள்ளே இடம் இருக்கும்போதும் தொங்குகிறவன் இல்லையா? இருக்கிறான். பஸ் தகரத்தில் தாளம் போடுகிறவனும், கால் தரையில் உரச ஸ்டைல் காட்டுகிறவனும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், தாராளமாக. ஆனால் அவர்களைக் காட்டி மொத்த ஸ்டாப்பையும் அமுக்குவது ஏமாற்று வேலை. 2019 ஜூனில் சென்னையில் பஸ் தினம் என்று கூரையில் ஏறிய கல்லூரி மாணவர்கள் கொத்தாகக் கீழே விழுந்தார்களே, அந்த வீடியோவை இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் பேச்சு வரும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே நடந்தது கொண்டாட்டம். இங்கே நடப்பது முதல் பீரியட் அட்டென்டன்ஸ்.

உயிர் போகிற விஷயம் என்பதும் புதிதாகத் தெரிந்ததல்ல. 2012 டிசம்பரில் சென்னைப் பெருங்குடியில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நான்கு மாணவர்கள் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அதற்கப்புறம் அதிகம் பேசப்பட்ட தீர்வு எது? கதவு. சென்னை பஸ்களில் கதவு மாட்டினார்கள். மதுரைக்கும் தானியங்கிக் கதவோடு தாழ்தள பஸ்கள் வந்தன. நல்லது. கதவு மூடினால் யாரும் தொங்க மாட்டார்கள். ஆனால் தொங்கியவன் இப்போது எங்கே? ஸ்டாப்பில். படியில் இருந்த பிரச்சினையை ரோட்டோரத்துக்கு இறக்கிவிட்டால் புள்ளிவிவரம் அழகாகத்தான் இருக்கும்.

"அதான் அரசாங்கம் சைக்கிள் கொடுக்குதே" என்பார் இன்னொருவர். கொடுக்கிறது, பிளஸ் ஒன் வந்த பிறகு. அதற்கு முன்னால் ஒன்பதாவது பத்தாவது படிக்கிறவன் என்ன செய்வான்? அப்படியே கிடைத்தாலும், காலை நேரத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தெற்குவாசல் பாலத்தில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து பேசட்டும்.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பள்ளி வேலை நாட்களில் மட்டும், ஏழேமுக்காலுக்கும் எட்டரைக்கும் இடையில், வில்லாபுரத்திலிருந்தே காலியாகக் கிளம்புகிற இரண்டு வண்டி. வலையங்குளத்திலிருந்து நிரம்பி வருகிறது அல்ல. சாயங்காலம் பெரியாரிலிருந்து அதே மாதிரி இரண்டு. வருஷத்துக்கு இருநூறு சொச்சம் நாள். சித்திரைத் திருவிழாவுக்கு எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து ஸ்பெஷல் பஸ் விடத் தெரிந்த கழகம் இது. தீபாவளிக்குத் தெரியும், பௌர்ணமி கிரிவலத்துக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது அழகர் ஆற்றில் இறங்குவது மாதிரி வருஷா வருஷம் தவறாமல் நடக்கிற விஷயம்தானே? அன்றைக்கு மட்டும் "பழைய பாஸைக் காட்டியே பயணிக்கலாம்" என்று ஓர் அறிவிப்பு வரும். பாஸ் இருக்கிறது சாமி. பஸ்?

பி.கு: ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற புண்ணியவான்களுக்கு. மடியில் விழுகிற பையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே வருகிற சாப்பாட்டுப் பையைச் சாய்க்காமல் பிடியுங்கள். உள்ளே சாம்பார் இருக்கும் :-)