காதர்பேட்டைக்கு வரும் நைஜீரியர்

காதர்பேட்டையிலே பனியன் கட்டுகளை விலை பேசி வாங்கும் நைஜீரிய வணிகரைப் பார்க்கிறோம். "ஆப்பிரிக்காக்காரன்" என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிடுகிறோம். ஆப்பிரிக்கா ஒரு நாடா, தோழர்களே? 54 நாடுகள் கொண்ட கண்டமல்லவா அது!

நைஜீரியாவின் பரப்பு ஏறத்தாழ 9,24,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் ஏழு மடங்கு. நைஜர் ஆறும் பெனுவே ஆறும் லொக்கோஜாவிலே கூடித் தெற்கே கடலுக்கு ஓடுகின்றன. மக்கள் 20 கோடிக்கு மேல். ஆப்பிரிக்காவிலே அதற்கே முதலிடம். கடைசியாகத் தலை எண்ணியது 2006-இல். எண்ணிக்கையை வைத்தே வருவாய்ப் பங்கும் சட்டமன்ற இடங்களும் என்பதால், வடக்கும் தெற்கும் கணக்கை ஐயுற்றே வந்திருக்கின்றன. (நமக்குப் புரியாத வழக்கா இது?)

ஹௌசா, யொரூபா, இக்போ என 500 மொழிகளுக்கு மேல் அங்கே. 1960-இல் விடுதலை பெற்ற அந்நாடு, பெரிய மொழியொன்றை மற்றவர் தலையில் சுமத்தவில்லை. ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டது.

அந்நாட்டார் வாடகைக்கு வீடு கேட்டால், நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவோரும் நம்மிடையே உண்டு. பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தியோரை எதிர்த்து வளர்ந்த நாமா இப்படி? நம் சரக்குக்குப் பணம் கொடுப்பவர் படுக்க இடமின்றி அலைவதா? வீடு வைத்திருக்கும் தோழர்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்க்கட்டும். சரியாக இருந்தால் சாவியைக் கொடுக்கட்டும்.