பனிக்கட்டியாற்றைக் காண ஒருநாட் பயணம்

சுவிற்சர்லாந்தில் மகனோ மகளோ உடன்பிறந்தாரோ குடியிருக்கும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் இன்று தெருவுக்கு ஒன்றிரண்டேனும் உண்டு. கலியாணம், பிள்ளைப்பேறு, சாமத்தியச் சடங்கு என்று ஏதேனுமொரு காரணத்தால் அங்கு சென்று மூன்று கிழமை தங்கி மீள்வோர் பலர். மீண்டவரிடம் என்ன கண்டீர் என்று வினவினால், சூரிச் ஏரியைக் கூறுவர், கடைத்தெருக்களைக் கூறுவர், உறவினர் வீடுகளில் உண்ட விருந்துகளை ஒன்றும் விடாது கூறுவர். பனிக்கட்டியாறு கண்டீரோ என்றால், "அதற்கு உல்லாசப் பயணக் கம்பனியாரோடு போகவேண்டும், செலவும் அதிகம், மொழியும் தெரியாது" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். இவ்விடையில் உண்மை சிறிது, அச்சமே பெரிது. ஒரு குடும்பம் எவருடைய துணையுமின்றித் தானே திட்டமிட்டு, காலையிற் புறப்பட்டு இரவுணவுக்கு வீடு திரும்பும் வண்ணம் உலகப் புகழ்பெற்ற பனிக்கட்டியாறொன்றைக் கண்டு வரலாம். வழி இதுவென இக்கிழமை கூற முற்படுகின்றேன்.

பனிக்கட்டியாறு என்ற சொல்லைப் புவியியல் படிக்கும் நம் மாணவர் அனைவரும் அறிவர். பரீட்சைத் தாளில் அதன் குறுக்குவெட்டு முகத்தையும் வரைவர். ஆயின், மழையையும் வெயிலையுமன்றி வேறறியாத நாட்டிற் பிறந்த பிள்ளைக்கு அச்சொல் ஏட்டுச் சொல்லாகவே நின்றுவிடுகின்றது. ஆண்டுதோறும் பெய்யும் பனி கோடையில் முற்றாக உருகாது எஞ்சி, அடுக்கடுக்காகப் படிந்து, தன் பாரத்தாலேயே அழுந்திக் கட்டியாகி, பின் அப்பாரத்தினாலேயே பள்ளம் நோக்கி மெல்ல நகர்வதே பனிக்கட்டியாறு. வாக்கியம் எளிது. அதைக் கண்ணாற் காண்பது வேறு.

அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ளவற்றுள் மிக நீண்டது அலெச் பனிக்கட்டியாறு. இதன் நீளம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்; அதாவது யாழ்ப்பாண நகரிலிருந்து சாவகச்சேரியையும் கடந்து செல்லுந் தூரம். பரப்பு ஏறத்தாழ 80 சதுர கிலோமீற்றர். மூன்று பெரும் பனிவயல்கள் வந்து கூடும் கொன்கோர்டியா என்னும் இடத்தில் பனிக்கட்டியின் தடிப்பு 800 மீற்றர் அளவினது. யுனெஸ்கோ நிறுவனம் 2001இல் இப்பிரதேசத்தை உலக மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இதனைக் காண இரண்டு வாயில்கள் உள. வடக்கே இன்டர்லாக்கன் வழியாக, மலையைக் குடைந்து செல்லும் பற்சக்கரப் புகையிரதத்தில் ஏறி, 3454 மீற்றர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்தில் இறங்குவது ஒன்று. 1912இல் திறக்கப்பட்ட அந்நிலையம் பொறியியலின் அற்புதம் என்பதில் ஐயமில்லை. கம்பனிகள் யாவும் மக்களை அங்கேதான் அழைத்துச் செல்கின்றன. ஆயினும் அங்கே நிற்பவர் ஆற்றின் தலைமாட்டில் நிற்கிறார். வெண்பரப்பொன்று கீழ்நோக்கிச் சென்று வளைந்து மறைவதைக் காண்பாரேயன்றி, ஆற்றை ஆறாகக் காண்பதற்கில்லை. கட்டணமோ நால்வர் கொண்ட குடும்பத்தின் கையைக் கடிக்கும். மற்றொன்று தெற்கே வலே மாநிலத்தின் வழி. ஆற்றின் விலாப்புறத்தில் எழுந்துள்ள மலைமுகட்டுக்குக் கேபிள் காரிற் சென்று, தலை முதல் கால் வரை அதன் வளைவை ஒருங்கே காணும் வழி அது. பணத்துக்காக மாத்திரமன்று, காட்சிக்காகவும் நான் தெற்கு வழியையே விதந்துரைப்பேன்.

பேர்ண் நகரத்தில் தங்கியிருப்போர் காலை 7 மணியளவில் பிரீக் செல்லும் புகையிரதத்தில் ஏறலாம். 2007இல் திறக்கப்பட்ட 34.6 கிலோமீற்றர் நீளமான லோட்ச்பேர்க் அடிவாரச் சுரங்கத்தினூடாக அது விரைந்து, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகப் பிரீக் சேரும். அங்கு நிலையத்தின் முன்றிலிலேயே சிவப்பு நிறச் சிறு மலைப்புகையிரதம் நிற்கும். அதில் ஏறி, றோன் ஆற்றின் கரையோடு சென்று ஃபீஷ் என்னும் ஊரில் இறங்கினால், நிலையத்தோடு சேர்ந்தே கேபிள் கார் புறப்படும் இடமும் அமைந்திருக்கிறது. இடையில் ஃபீஷர்அல்ப் என்னும் இடத்தில் மாறி, எக்கிஸ்ஹோர்ன் முகட்டருகே 2869 மீற்றர் உயரத்தில் இறங்கலாம். பத்து மணியளவில் நீங்கள் பனிக்கட்டியாற்றுக்கு நேரே நிற்பீர்கள். மொழி தெரியாதே என்ற கவலை வேண்டா. புகையிரத நிறுவனத்தின் கைத்தொலைபேசிச் செயலியில் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் இட்டால், எம்மேடையில் எத்தனை மணிக்கு எவ்வண்டி என்பது ஆங்கிலத்திலேயே வரும். கொழும்புக் கோட்டை நிலையத்திற் சனநெருக்கத்தினிடையே வண்டி மாறிப் பழகியவருக்கு இது விளையாட்டு.

சீட்டு வாங்குவதில்தான் சிந்தனை வேண்டும். நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒருநாட் சீட்டுகள் உண்டு. பல மாதங்கள் முன்னரே வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், வாங்கியபின் பணம் மீளாது. நம்மவர் மலிவென்றதும் வாங்கிவிடுவர். ஆனால் மலையுச்சியின் வானிலையை மூன்று மாதங்களுக்கு முன் அறிந்தவர் யார்? முகில் மூடிய நாளிற் சென்றால், வெள்ளைச் சுவரொன்றைப் பார்த்துத் தேநீர் அருந்தி மீள்வதே பலனாகும். ஆகவே ஒரு நாளைக் குறிக்காது, அடுத்தடுத்து நான்கைந்து நாட்களை ஒதுக்கிவைத்து, முதல் நாள் மாலை வானிலை அறிக்கையைப் பார்த்து, மறுநாட் காலை 6 மணிக்கு மலையுச்சியிலுள்ள படக்கருவி இணையத்திற் காட்டும் காட்சியையும் பார்த்து, தெளிந்திருந்தாற் புறப்படுக. இப்படிச் செல்வோருக்கு அரைக்கட்டண அட்டையே ஏற்றது. அதைக் கொண்டு எந்நாளிலும் பாதி விலைக்குச் சீட்டுப் பெறலாம். கேபிள் கார்களிலும் பெரும்பாலும் அது செல்லும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் புகையிரதக் கட்டணமில்லை.

காலம் ஆடி முதல் புரட்டாதி நடுப்பகுதி வரை. குளிர்காலத்தில் எல்லாம் வெண்பனியால் மூடுண்டு, எது ஆறு எது கரை என்று பிரித்தறிய இயலாது. வசந்தத்தின் இறுதியிலும் இலையுதிர் காலத்தின் இறுதியிலும் பராமரிப்புக்காகக் கேபிள் கார்களைச் சில கிழமைகள் நிறுத்திவிடுவர். செல்லுமுன் விசாரிக்க வேண்டும். கீழிறங்கும் கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை மேலே ஏறியவுடன் குறித்துக்கொள்வது நன்று. கோடையிற் பிற்பகலில் இடிமுகில் திரளும் வழக்கமுண்டாதலின் காட்சியை முற்பகலிலேயே கண்டுவிடல் உத்தமம்.

முதியோரை அழைத்துச் செல்லலாமோ என்பது பலர் வினவும் வினா. நமது பீதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர். எக்கிஸ்ஹோர்ன் நிலையம் அதனினும் உயர்ந்தது. காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவாதலின் விரைந்து நடந்தால் மூச்சு வாங்கும். இருதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர் முதலில் வைத்தியரைக் கேட்பது கடமை. அத்தகையோர் மோறெல் என்னும் ஊரிலிருந்து றீடர்அல்ப் சென்று, அங்கிருந்து 2333 மீற்றர் உயரமுள்ள மோஸ்ஃபுளூ முகட்டுக்குக் கேபிள் காரிற் போகலாம். காட்சி அங்கிருந்தும் குறைவானதன்று. எங்கே சென்றாலும் கம்பளிச் சட்டையும், காற்றைத் தடுக்கும் மேலங்கியும், பிடிப்புள்ள சப்பாத்தும் வேண்டும். பனியிற் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யுமாதலின் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். உச்சியிலுள்ள உணவுச்சாலையில் விலை அதிகம். பாணும் சம்பலும் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீரும் கொண்டுசென்றால், கல்லொன்றில் அமர்ந்து உண்பதை எவரும் தடுப்பதில்லை.

சென்ற ஆண்டு என் தாயாரையும், பேர்ணிற் பிறந்து வளரும் தங்கையின் மகளையும் அழைத்துக்கொண்டு எக்கிஸ்ஹோர்ன் சென்றேன். தடுப்புக் கம்பியருகே வந்ததும் சிறுமி நெடுநேரம் பார்த்திருந்து, "மாமா, இது ஆறென்றால் ஏன் ஓடவில்லை?" என்றாள். ஓடுகின்றது என்பதற்குச் சான்று அவள் கண்முன்னேயே கிடந்தது. வெண்பரப்பின் நடுவே, புகையிரதத் தண்டவாளம் போல இரண்டு கருங்கோடுகள் பல கிலோமீற்றர் தூரம் பிரியாது வளைந்து செல்கின்றன அல்லவா? பனிவயல்கள் ஒன்றோடொன்று கலக்குமிடத்தில், கரைகளிலிருந்து விழுந்த கற்கள் நடுவே சிக்குண்டு, ஆற்றோடு ஆறாக இழுபட்டு வருவதால் உண்டான கோடுகள் அவை. நடுப் பனிக்கட்டியாற்றுப் படிவு என்று பாடநூல் கூறுவது இதனையே. கொன்கோர்டியாவில் பனிக்கட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மீற்றர் நகர்கின்றது. நாளொன்றுக்கு அரை மீற்றர். நாம் அங்கு நின்ற இரண்டு மணி நேரத்தில் நான்கு சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கும் என்று சிறுமி கணக்கிட்டுச் சொன்னாள். என் தாயாருக்கு இக்கணக்குகளில் நாட்டமில்லை. "இவ்வளவு பெரிய ஆறு, ஒரு சத்தமுமில்லையே தம்பி" என்றார். ஆயிரம் படங்களைக் கண்டாலும் தெரியவராத செய்தி அது.

இந்நகர்ச்சியைப் பற்றிய உண்மை வரலாறொன்றுண்டு. 1926 மார்ச் மாதத்தில், அருகிலுள்ள லோட்சென் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சகோதரர் மூவரும் வேறொருவருமாக நால்வர் இப்பனிக்கட்டியாற்றில் நடக்கச் சென்று மீளவில்லை. தேடியும் உடல் கிடைக்கவில்லை. 86 ஆண்டுகள் கழிந்து, 2012 கோடையில், மலையேறிகள் இருவர் பனிக்கட்டியின் மேற்பரப்பில் எலும்புகளையும் பழங்காலச் சப்பாத்துகளையும் கண்டனர். மரபணுச் சோதனை அவற்றை அச்சகோதரருடையவை என்று காட்டியது. அவர்கள் மறைந்த இடத்துக்கும் வெளிப்பட்ட இடத்துக்கும் இடையே பத்துக் கிலோமீற்றரளவு தூரம். ஆறு அவர்களைச் சுமந்து வந்திருக்கின்றது. இதனாற்றான், வழிகாட்டியும் கயிறும் இன்றிப் பனிக்கட்டியின்மீது ஓரடியேனும் வைத்தலாகாது. மேலே மெல்லிய பனி மூடிய வெடிப்புகள் எங்கே உள்ளன என்பதை, பழகிய கண்ணுங்கூட எளிதில் அறியாது. குடும்பமாகச் செல்வோர் முகட்டில் நின்று பார்ப்பதே முறை.

கருங்கோடுகளைக் கண்டபின் எதிர்க்கரையைப் பாருங்கள். புல்லும் செடியும் ஓரிடத்தில், கோல்வைத்துக் கீறியதுபோல் நிற்க, அதன் கீழே வெளிறிய வெறும் பாறை தென்படும். 1860ஆம் ஆண்டளவில் பனிக்கட்டி அக்கோடு வரை நிரம்பியிருந்தது. அன்றிலிருந்து ஆறு 3 கிலோமீற்றருக்கு மேற் குறுகியுள்ளது. கீழ்ப்பகுதிகளில் 200 மீற்றருக்கு மேல் தாழ்ந்தும் விட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனிக்கட்டியாறுகள் யாவும் சேர்ந்து தம் கனவளவில் 10 சதவீதத்தை இழந்தன என்பது அந்நாட்டு அளவீட்டாளர் கண்ட முடிபு. வெப்பம் இனி மேலும் ஏறாது நின்றாலுங்கூட, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அலெச் தன் பனிக்கட்டியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழக்கும் என்று சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இற் கணித்துள்ளனர். வெப்பம் கட்டின்றி ஏறினால் எஞ்சுவது சில பனித்திட்டுகளே.

ஃபீஷ் ஊரார் கத்தோலிக்கர். பனிக்கட்டியாறு வளர்ந்து, அதனால் அணைபட்டிருந்த ஏரி அடிக்கடி உடைத்துப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்த காலத்தில், 1678இல் அவர்கள், ஆறு வளராதிருக்க வேண்டுவோம், ஒழுக்கத்தில் வழுவோம் என்று நேர்த்தி வைத்தனர். 1862 முதல் ஆண்டுதோறும் பவனியும் சென்றனர். தலைமுறை தலைமுறையாக அவ்வேண்டுதல் நடந்துவந்தது. இப்போது ஆறோ குறைகின்றது. வேண்டுதலோ குறையவேண்டும் என்கின்றது. என்ன செய்வது? 2009இல் பாப்பரசருக்கு விண்ணப்பித்தார்கள். மறு ஆண்டு இசைவு கிடைத்தது. இன்று அவ்வூரார் பனிக்கட்டியாறு குன்றாதிருக்க வேண்டுகின்றனர். கேபிள் கார் ஏறுமுன் கால்மணி நேரம் கிடைத்தால் அவ்வூர்த் தெருவில் நடந்து பாருங்கள்.

திரும்பும்போது நேரம் இருப்பின், பிரீக்கிலிருந்து அடிவாரச் சுரங்கத்தினூடாக வராது, 1913இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதை வழியாக வருமாறு கூறுவேன். நேரம் சற்றுக் கூடும். ஆயின் வண்டி மலைச்சரிவோடு ஏற ஏற, றோன் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். சாளரத்தின் இடப்புறத்தில் இடம்பிடிப்பது நன்று. பழைய சுரங்கத்தின் வாயிலில் கொப்பன்ஸ்டைன் என்ற சிறு நிலையம் உண்டு. அங்கிருந்து உள்ளே செல்வதே அச்சகோதரர்களின் ஊரிருந்த லோட்சென் பள்ளத்தாக்கு. அதன் உட்புறத்திலிருந்த பிளாட்டென் கிராமத்தின்மீது, 2025 மே 28ஆம் நாள், மேலேயிருந்த பேர்ச் பனிக்கட்டியாறு பாறைகளோடு சரிந்து விழுந்து, ஊரிற் பெரும்பகுதியை மூடியது. மலை அசைவதை அளந்துகொண்டிருந்தவர்கள் ஒன்பது நாட்களுக்கு முன்பே ஊரார் 300 பேரையும் வெளியேற்றியிருந்தமையால் ஊரவர் உயிர் தப்பினர். விலக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நின்ற ஒருவர் மாத்திரம் இறந்தார். கொப்பன்ஸ்டைனில் வண்டி நின்றபோது இதனைச் சிறுமிதான் தன் அம்மம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள்; பாடசாலையில் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். பின்னர் வண்டி சுரங்கத்துள் நுழைந்தது. கண்டர்ஸ்டெக், ஷ்பீட்ஸ், தூன் என நிலையங்கள் கடந்து, இருட்டுமுன்பே பேர்ண் வந்து சேர்ந்தோம்.