வீடு ஒரு கவுன்டி, கோயில் ஒரு கவுன்டி... வாரன்ட் எந்த கவுன்டியில்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் பக்கம் வசிக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்க்கை இப்படித்தான் ஓடும். வீடு சுகர் லேண்டில். வேலை ஹூஸ்டன் நகருக்குள். ஞாயிற்றுக்கிழமையானால் பேர்லேண்டில் இருக்கும் மீனாட்சி கோயில். காரில் போகிறவர்களுக்கு எல்லாமே ஒரே ஊர் போலத்தான் தெரியும். ஆனால், சுகர் லேண்ட் இருப்பது ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில். ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுன்டி. கோயில் இருப்பது பிரசோரியா கவுன்டி. போகும் வழியில் வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிக்கெட் வாங்கினால், எந்த எல்லைக்குள் போலீஸ் நிறுத்தியதோ அங்கேதான் வழக்கு. வீடு இருக்கும் கவுன்டியில் மட்டும் தேடிவிட்டு 'நம்ம பேர்ல ஒண்ணும் இல்லை' என்று நிம்மதியாக இருப்பவர் பெயரில், பக்கத்து கவுன்டியில் வாரன்ட் காத்திருக்கலாம்.

ஒரு டிராஃபிக் டிக்கெட்டுக்குப் போய் வாரன்டா? ஆமாம். நம் ஊரில் இ-சலான் வந்தால், 'அப்புறம் கட்டிக்கலாம்' என்று விட்டுவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. டெக்சாஸில் அது ஆபத்து. அங்கே டிக்கெட்டில் போடும் கையெழுத்துக்கு, 'குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன்' என்று உறுதி கொடுத்ததாக அர்த்தம். சொல்லாமல் விட்டால், அதுவே தனிக் குற்றம். வாரன்ட் போடுவதற்கு முன் கோர்ட் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால், வருடத்துக்கு ஓர் அபார்ட்மென்ட் மாறுகிறவர்களுக்கு அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரும்? பழைய வீட்டு தபால் பெட்டிக்குத்தான்!

சரி, எங்கே தேடுவது?

கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. கலெக்டர் ஆட்சி கிடையாது. டெக்சாஸில் ஷெரிஃப், டிஸ்ட்ரிக்ட் கிளர்க், ஜே.பி. எனப்படும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எல்லோருமே தேர்தலில் ஜெயித்து வருபவர்கள். டெக்சாஸில் மட்டும் 254 கவுன்டிகள். நாடு முழுக்க 3,000-க்கும் மேல். எல்லா வாரன்ட்டையும் ஒரே இடத்தில் பொதுமக்கள் பார்க்கும் தேசிய இணையதளம் என்று ஒன்று கிடையாது. எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் என்.சி.ஐ.சி. என்ற தகவல் தொகுப்பு, போலீஸ் போன்ற அமைப்புகளுக்கு மட்டும்தான். ஆகவே 'அமெரிக்கா முழுக்க வாரன்ட் தேடல், இலவசம்' என்று கூகுளில் முதலில் வந்து நிற்கும் தளங்களைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பச்சைக் கோடு ஓடும், 'உங்கள் பெயரில் 4 பதிவுகள்!' என்று பயமுறுத்தும், கடைசியில் கிரெடிட் கார்டு எண் கேட்கும். கோர்ட் தளத்திலேயே பெரும்பாலும் காசில்லாமல் பார்க்கக் கூடியதுதான் அது.

முகவரி 'டாட் கவ்' என்று முடிந்தால்தான் அரசு தளம் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் அப்படியே நம்ப முடியாது. ஹாரிஸ் கவுன்டி டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கின் அதிகாரப்பூர்வ தளமே 'டாட் காம்' முகவரியில்தான் இயங்குகிறது. கவுன்டியின் முதன்மைத் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாக உள்ளே நுழைவது பாதுகாப்பு.

எந்தக் கோர்ட் என்பது, டிக்கெட் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. நகர போலீஸ் கொடுத்திருந்தால் அந்த நகரத்தின் முனிசிபல் கோர்ட். ஷெரிஃப் ஆபீஸ், கான்ஸ்டபிள், மாநில டிரூப்பர் கொடுத்திருந்தால் ஜே.பி. கோர்ட். டிக்கெட் கையில் இருந்தால் கோர்ட்டின் பெயர் அதிலேயே இருக்கும். குடித்துவிட்டு ஓட்டியது, அடிதடி போன்றவை இதற்கு மேலே உள்ள கோர்ட்டுகளுக்குப் போகும். அந்த ஆவணங்கள் கவுன்டி கிளர்க் அல்லது டிஸ்ட்ரிக்ட் கிளர்க் வசம் இருக்கும். ஹாரிஸ் கவுன்டியில் இந்தக் குற்ற வழக்குகளுக்கு டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கே பொறுப்பு.

நம் பெயர்தான் பெரிய சிக்கல்!

தமிழர்கள் சறுக்குவது இந்த இடத்தில். கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் 'முருகேசன்' என்று இருந்தால் தொல்லை குறைவு. இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று ஏறிவிடும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்ஸிலும் அப்படியே வந்தால், போலீஸ் பதிவிலும் அப்படியேதான் இருக்கும். தளத்தில் போய் 'முதல் பெயர் கார்த்திக், கடைசிப் பெயர் முருகேசன்' என்று தேடினால் 'பதிவு இல்லை' என்று வரலாம். திருப்பிப் போட்டும், எஃப்.என்.யு. போட்டும், ஒரே பெயராகவும் தேட வேண்டும். ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒரு 'ஹெச்' கூடக் குறையப் போட்டும் பார்க்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்த பெண்கள் பழைய பெயரிலும் தேடுவது நல்லது. பிறந்த தேதியில் அங்கே மாதம்தான் முதலில் வரும். டிக்கெட் எண்ணோ, லைசென்ஸ் எண்ணோ தெரிந்தால் இத்தனை பாடும் மிச்சம்.

இதே காரணத்தால் யாரோ ஒரு கார்த்திக்கின் வாரன்ட்டைப் பார்த்துவிட்டு நம் கார்த்திக்கின் அம்மா அழவும் வாய்ப்பு இருக்கிறது. பிறந்த தேதி பொருந்துகிறதா என்று பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

தேடினால் எல்லாமே தெரிந்துவிடுமா? இல்லை. டெக்சாஸ் சட்டப்படி, கைது வாரன்ட்டும் அதற்கு ஆதாரமான பிரமாணப் பத்திரமும், கைது நடந்த உடனே பொது ஆவணம் ஆகிவிடும்; கிளர்க் அலுவலகத்தில் யாரும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் அந்த உரிமை கிடையாது. பெரிய குற்ற வழக்குகளில், ஆள் பிடிபடும் முன் குற்றச்சாட்டையே வெளியிடக் கூடாது. ஆகவே, 'பதிவு இல்லை' என்ற பதில், டிக்கெட் விஷயத்துக்குத்தான் ஓரளவு ஆறுதல்.

ஷெரிஃப் ஆபீஸிடம் ஆவணம் கேட்க, டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது. நம் ஆர்.டி.ஐ. மாதிரி. எழுத்தில் கேட்க வேண்டும். எதற்காக என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. தர மறுக்க நினைத்தால், பொதுவாக 10 வேலை நாள்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் முடிவு கேட்க வேண்டும். இந்தச் சட்டம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. கோர்ட் ஆவணத்துக்கு நேராக கிளர்க்கிடம்தான் விண்ணப்பம்.

அங்கே வாங்கி வைக்க வேண்டிய முக்கியமான காகிதம், வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் சான்றளிக்கப்பட்ட நகல். அதன் மதிப்பு 2025 ஏப்ரலில் தெரிந்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவு திடீரென ரத்தானது. என்.சி.ஐ.சி.யில் பெயர் பொருந்தியதே பலருக்கும் காரணம் என்பது பிறகு நீதிமன்றங்களில் வெளிவந்தது. வழக்கு தள்ளுபடியானவர்களும் அதில் மாட்டினார்கள். வழக்குகள் குவிந்ததும், மாத இறுதியில் அரசு பதிவுகளைத் திரும்பத் தர ஆரம்பித்தது. விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்திலும், எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. 'அது அப்பவே முடிஞ்சுபோச்சு' என்று வாயால் சொல்வதைவிட, சீல் வைத்த காகிதம் பேசும்.

வாரன்ட் இருப்பது உறுதியானால்? டிக்கெட் விஷயம் என்றால், தானாக வந்து தீர்க்க முயல்பவரின் வாரன்ட்டைக் கோர்ட் திரும்பப் பெற வேண்டும் என்று டெக்சாஸ் சட்டமே சொல்கிறது. பெரிய வழக்கென்றால் முதல் ஃபோன் வக்கீலுக்கு. ஷெரிஃப் ஆபீஸுக்கு நேரில் போய் 'என் பேரில் வாரன்ட் இருக்கா?' என்று கேட்டால், அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். இன்னொன்று, அவசரப்பட்டு ஆன்லைனில் அபராதம் கட்டிவிட்டால், டெக்சாஸில் அது தண்டனையை ஏற்றதாகவே பதிவாகும். விசாவில் இருப்பவர்கள், கட்டும் முன் ஒரு குடியேற்ற வக்கீலைக் கேட்டுவிடுவது நல்லது.

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் டெக்சாஸின் பல ஊர்கள் சேர்ந்து வாரன்ட் வேட்டை நடத்தும். முன்கூட்டியே அறிவிப்பும் வரும். அந்தச் சமயத்தில், 'ஜூரி கடமைக்கு வராததால் உங்கள் பேரில் வாரன்ட். கிஃப்ட் கார்டில் பணம் கட்டுங்கள்' என்று ஃபோன் வந்தாலும் நம்பத் தோன்றும். மோசடி என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பல முறை எச்சரித்த விஷயம் இது. நம் ஊர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'டின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். ஹெச்-1பி-யில் இருப்பவர் ஜூரியாகவே முடியாது. குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் அது. தவறிப்போய் நிஜ ஜூரி கடிதம் வந்தாலும், 'குடிமகன் இல்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பினால் போதும்.

டிக்கெட் தேடலை ஊரில் இருக்கும் அப்பா அம்மாவே மொபைலில் செய்து பார்க்கலாம், தடையில்லை. சந்தேகம் கேட்கக் கோர்ட்டுக்கு ஃபோன் போடுவதென்றால் நேரம் முக்கியம். ஹூஸ்டனில் காலை 8 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30.