சோறு கேட்டனர், குண்டு விழுந்தது!

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்றனர் மிசோ மலை முதியோர். மூடநம்பிக்கை என்று தள்ளியது அசாம் அரசு. எது மூடநம்பிக்கை? ஏறத்தாழ 48 ஆண்டுகட்கு ஒருமுறை அம்மலை மூங்கில் பூக்கும். அதன் விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலில் பாயும். 1911-இல் கற்ற பாடத்தை 1959-க்கு முன்பே எடுத்துரைத்தனர் மலைமக்கள். கண்டறிந்து காரணம் கூறியவன் பகுத்தறிவாளனா? கோப்பைப் புரட்டிக் கேலி பேசியவன் பகுத்தறிவாளனா?

பஞ்சத்தில் உதவ எழுந்த அமைப்பே 1961-இல் மிசோ தேசிய முன்னணியாயிற்று. 1966 பிப்ரவரி இறுதியில் அது ஆயுதம் ஏந்திற்று. கருவூலத்தில் புகுந்தது, அசாம் ரைபிள்ஸ் முகாம்களைத் தாக்கியது. அதனைப் போற்ற நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. ஆனால், மார்ச் 5-ஆம் நாள் அய்சால் நகர்மீது இந்திய விமானப்படை குண்டு வீசிற்றே, அவ்வீடுகளில் இருந்தோர் அனைவருமா கலகக்காரர்? சந்தைத் தெருவுமா சதி செய்தது? பொருள்களை இறக்கவே விமானங்கள் சென்றன என்றது அரசுத் தரப்பு. (பொருள்தான், தீப்பற்றும் பொருள்!)

1967-இல் வந்தது அடுத்த அருள். சிற்றூர்களைக் காலி செய்வித்து, வீடுகளை எரித்து, சாலையோர முகாம்களில் மக்களை அடைத்து, அவற்றுக்கு இட்ட பெயர் ‘பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்’! விளைநிலம் தொலைவில், ஊரடங்கோ வாயிலில். முன்னேற்றமாம், முன்னேற்றம்!

1986 ஜூன் 30-இல் உடன்பாடு. அவ்வாண்டே முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார் லால்டெங்கா. 1987-இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று. இருபது ஆண்டுகட்கு முன் தேசத்துரோகி எனப்பட்ட அதே லால்டெங்கா!