தெருநாய்க்கு நல்ல இடம் அமையுமா?

தெருநாய்ப் பிரச்னையில் சுப்ரீம் கோர்ட் 2025-ம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுகள் டில்லியை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டன. "எல்லா நாயையும் அப்புறப்படுத்து" என்றது ஒரு கட்சி. "கை வைக்காதே" என்றது மறு கட்சி. இந்தச் சந்தடியில், சாதாரணக் குடும்பத்தாருக்கும் சம்பந்தமுள்ள ஒரு பகுதி அதிகம் பேசப்படாமலே போய்விட்டது. அதுதான் தத்து எடுக்கும் ஏற்பாடு.

உத்தரவு சொன்னது என்ன?

ஆகஸ்ட் 11-ந் தேதி இரு நீதிபதிகள் பெஞ்ச், தலைநகர் வட்டாரத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்றது. ஆகஸ்ட் 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் பெஞ்ச் இதை மாற்றியது. கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும்படி கூறியது. வெறிநோய் கண்டவை, அந்தச் சந்தேகத்துக்கு உரியவை, மூர்க்கமானவை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. கண்ட இடத்தில் தீனி போடக் கூடாது. அதற்கென வார்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது.

அதே உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து நாயைத் தத்து எடுக்கலாம் என்று வழி செய்யப்பட்டது. நாய் அடையாளமிடப்பட்டு ஒப்படைக்கப்படும். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியமானது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 1.53 கோடி தெருநாய்கள் இருந்தன. இத்தனைக்கும் வீடு தேடுவது நடக்கிற காரியமல்ல. எண்ணிக்கை குறையக் கருத்தடைதான் வழி. ஆனால் ஸ்கூட்டரில் அடிபட்டுக் காப்பாற்றப்பட்ட நாய்க்கும், தாயை இழந்த குட்டிக்கும் ஒரு வீடு கிடைத்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

இரக்கம் மட்டும் போதாது

குழந்தை கேட்கிறது என்று குட்டியைத் தூக்கி வருகிறோம். ஆறு மாதத்தில் அது வளர்ந்துவிடுகிறது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. கடைசியில் நாய் தெருவுக்கே போகிறது. வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அந்தத் தெருவின் நாய்கள் அதை அண்ட விடுவதும் இல்லை. முதலிலேயே எடுக்காமல் இருந்திருந்தால் அதற்கு நல்லதாக இருந்திருக்கும்.

இது வெறும் பாவ புண்ணிய விஷயமும் அல்ல. வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் தவிக்க விட்டுச் செல்வது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இப்படியொரு சட்டம் வேண்டுமென்று ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்தவர் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

பெண்ணுக்கு இடம் பார்ப்பதுபோல

ஆகவே, நாயைக் காப்பாற்றியவர் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடக் கூடாது. பெண்ணுக்கு இடம் பார்ப்பதுபோல விசாரிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பகலில் ஆள் இருக்குமா? வாடகை வீடானால் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா? நாய் பத்துப் பதினைந்து ஆண்டு வாழக்கூடியது என்று தெரியுமா? ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒப்படைப்பது நல்லது.

எடுப்பவருக்கும் கடமை உண்டு. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போட்டுவர வேண்டும். டில்லியில் வளர்ப்பு நாயை மாநகராட்சியில் பதிவு செய்வது 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 399-வது பிரிவுப்படி கட்டாயம். தயிர் சாதம் மட்டுமே போட்டு வளர்ப்பதும் சரியல்ல. முட்டையோ இறைச்சியோ வேண்டும். நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று அலட்சியம் கூடாது.

முடியாதவர்கள் என்ன செய்வது?

2025 ஜூன் 1-ந் தேதி ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டபோது, கூரை போவது என்றால் என்ன என்பதை நம்மவர் பலர் நேரில் அனுபவித்தனர். சொந்தக் கூரைக்கே உறுதியில்லாத குடும்பம் நாயைத் தத்து எடுக்காததை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. ஒண்டிக் குடித்தனத்தில் இருப்பவர்களும், எட்டு மணிக்குக் கிளம்பி இரவில் திரும்புகிறவர்களும் அப்படியே.

அவர்கள் செய்யக்கூடியது வேறு உண்டு. கருத்தடையான நாய்க்குக் காதில் வெட்டு அடையாளம் இருக்கும். அது இல்லாத நாய்கள் எங்கே திரிகின்றன என்று மாநகராட்சிக்கு எழுதிப் போடலாம். பிடித்துச் சென்ற நாயைச் சிகிச்சைக்குப் பின் அதே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார்களா என்று கேட்கலாம். மீதிச் சோற்றைப் பள்ளி வாசலில் கொட்டாமல், ஒதுக்கிய இடத்தில் வைக்கலாம்.

நாயை வீட்டுக்கு அழைத்துவர ஒரு நிமிட இரக்கம் போதும். அதன் ஆயுள் முழுவதும் வைத்துக் காப்பாற்ற வசதியும் பொறுமையும் வேண்டும். அவை இருக்கின்றனவா என்று முதலில் வீட்டில் கலந்து பேசிவிட்டு, பிறகு குட்டியைத் தூக்குங்கள்.